ஆறு எண்ணினாலும் டஜன், முப்பத்தாறு எண்ணினாலும் டஜன்!



டஜன் என்றால் பன்னிரண்டு என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மண்பாண்டத் தொழிலில் டஜனுக்கு வேறு கணக்கு. கேட்டால் தலை சுற்றும். விளங்கிவிட்டால் வியாபாரிக்கு இதைவிட வசதியான கணக்கு இல்லை எனத் தோன்றும்.

அக்காலத்து ஆங்கிலேயர் வீடுகளில் மாடி அறைக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. படுக்கை அறையிலேயே ஒரு மேசை. அதன்மேல் பெரிய பேசின், அதற்குள் தண்ணீர் ஜாடி, சோப்புப் பெட்டி, பல் பிரஷ் வைக்கும் நீளப் பெட்டி, ஸ்பாஞ்சு கிண்ணம். கட்டிலடியில் இரவுக்கான பானை. அழுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு வாளி. எல்லாம் ஒரே பூ வேலைப்பாட்டில் 'செட்'டாக விற்கும். வேலைக்காரப் பெண் காலையில் வெந்நீர் சுமந்து மாடியேறுவாள்.

இந்தச் சரக்கு பெரும்பாலும் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக் முதலிய ஆறு ஊர்களில் செய்யப்பட்டது. வெள்ளை மண் டெவன், கார்ன்வால் பக்கமிருந்து வரவேண்டும். ஆயினும் தொழில் மண் உள்ள இடத்துக்குப் போகவில்லை. காரணம், சூளைக்கு மண்ணைவிட நிலக்கரி அதிகம் வேண்டும். நிலக்கரி அங்கே காலடியில் கிடைத்தது. 1777-இல் டிரெண்ட் - மெர்ஸி கால்வாய் முடிந்தபின் சரக்கு படகிலேயே துறைமுகப் பக்கம் போயிற்று. குதிரைமேல் ஏற்றிப் போனபோது நேர்ந்த சேதாரத்தை நினைத்துப் பாருங்கள்!

பூ வேலை கையால் தீட்டியதல்ல. செப்புத் தகட்டில் சித்திரத்தை வெட்டி, சூடாக்கி, எண்ணெயில் குழைத்த நீல வண்ணத்தைத் தேய்ப்பார்கள். அதை மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து, சிறுமி ஒருத்தி கத்தரிப்பாள். மற்றொரு பெண் அதை ஒருமுறை சுட்ட பாண்டத்தின்மேல் ஒட்டி, பிரஷால் அழுத்தித் தேய்ப்பாள். தண்ணீரில் காகிதம் கழன்றுவிடும், வண்ணம் நிற்கும். பிறகு எண்ணெய் போகச் சூடுகாட்டி, மெருகில் முக்கி மறுபடி சூளை. ஜாடியைத் திருப்பிப் பார்த்தால் காகிதம் கூடிய இடத்தில் பூ சற்று விலகியிருக்கும். தகடு இருக்கும்வரை அதே பூவை அடிக்கலாம். உடைந்த பேசினுக்கு ஜோடி கிடைக்கும்.

இனி டஜன் கணக்கு. 12-ஆம் அளவு ஜாடி பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு டஜன். அதைவிடப் பெரிய 6-ஆம் அளவில் ஆறே ஒரு டஜன். சிறிய 36-ஆம் அளவில் முப்பத்தாறு சேர்ந்தால்தான் டஜன். டஜன் விலை ஒன்றுதான்! எண் ஏற ஏற ஜாடி சிறுக்கும். ஒரே விலையை வைத்துக்கொண்டு எல்லா அளவுக்கும் பட்டியல் போட்டுவிடலாம்.

முதலாளிக்கு வசதியான மற்றொரு வழக்கமும் இருந்தது. அதில் எனக்குச் சம்மதமில்லை. பாண்டம் வனைந்தவனுக்குக் கூலி, சூளையிலிருந்து பழுதின்றி வெளிவந்த உருப்படிக்கு மட்டுமே. நெருப்புப் போட்டவன் தவறினால் கோணிப்போகும். நஷ்டம் வனைந்தவன் தலையில். அந்தக் கோணல் பாண்டமும் குப்பைக்குப் போய்விடாது, 'இரண்டாந்தரம்' என்று விலை குறைத்து விற்பனையாகும். உடைந்து வந்த சரக்கை லாரிக்காரரா, அனுப்பியவரா, நாமா ஏற்பது என்று நானும் நாற்பது வருடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் விற்ற சரக்குக்குக் கூலி இல்லை என்பது வேறு சங்கதி. 1836-இல் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் செய்தனர். 1837 தொடக்கத்தில் தோற்றுத் திரும்பினர். மெருகில் ஈயம் கலந்திருந்ததால் அதில் பாண்டத்தை முக்குகிறவர்கள் கை விழுந்துபோயினர்.

பழைய சாமான் கடையில் இத்தகைய ஜாடி கண்ணில் பட்டால் கவிழ்த்துப் பாருங்கள். சாய்சதுர முத்திரை இருந்தால் அந்த வடிவம் 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவானது. பதிவு செய்தால் மூன்று ஆண்டு மற்றவர் காப்பியடிக்க முடியாது. 'இங்கிலாந்து' என்று ஊர்ப்பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் வந்ததன் விளைவு. குளியலறைக் குழாய் வந்தபின் செட்டுகள் பிரிந்தன. பேசின் முதலில் உடையும் என்பதால் தனி ஜாடிகளே இன்று அதிகம் அகப்படுகின்றன.