சூப்பர் மாரியோ ஆட்டத் தொடரில் விண்வெளிக் கட்டங்கள்

சூப்பர் மாரியோ தொடரின் விண்வெளிக் கட்டங்கள் என்பவை, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் உருவாக்கிய சூப்பர் மாரியோ நிகழ்பட ஆட்டங்களில் பூமிக்கு வெளியே, நிலவிலோ சிறு கோள்களிலோ வெற்றுவெளியிலோ நடைபெறும் பகுதிகள் ஆகும். ஓடுதலும் தாவுதலுமே இத்தொடரின் அடிப்படை. தாவும் உயரத்தையும் கீழே விழும் வேகத்தையும் முடிவு செய்வது ஈர்ப்பு விசை. ஆகவே விண்வெளிக் கட்டத்தில் பின்னணிப் படம் மட்டும் மாறுவதில்லை, ஆட்டத்தின் விதியே மாறுகிறது. 1992இல் வெளியான சூப்பர் மாரியோ லேண்ட் 2, 2007இல் வெளியான சூப்பர் மாரியோ கேலக்சி, 2010இல் வெளியான அதன் இரண்டாம் பாகம், 2017இல் வெளியான சூப்பர் மாரியோ ஒடிசி ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

பின்னணி

1985இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில் மாரியோ இடமிருந்து வலமாக ஓடுவார். பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் உயரமாகவும், உடனே விட்டுவிட்டால் தாழ்வாகவும் தாவுவார். விரலுக்குப் பழகிவிட்ட இந்தத் தாவலை மாற்றினால் அதே ஆட்டம் புதிதாகிவிடும். அந்த முதல் ஆட்டத்திலேயே இதற்காக நீருக்கடியில் நீந்தும் கட்டங்கள் வைக்கப்பட்டன. விண்வெளிக் கட்டங்கள் அதே நோக்கில் பின்னர் வந்தவை.

சூப்பர் மாரியோ லேண்ட் 2

கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக 1992இல் வெளியான சூப்பர் மாரியோ லேண்ட் 2 ஆட்டத்தில் ஆறு பொற்காசுகளைத் தேடி மாரியோ ஆறு பகுதிகளுக்குச் செல்கிறார். அவற்றுள் ஒன்று விண்வெளிப் பகுதி. நீர்யானைச் சிலை ஊதும் குமிழுக்குள் ஏறி மாரியோ அங்கே போய்ச் சேர்கிறார். அங்கு அவர் விண்வெளி உடை அணிந்திருப்பார். தாவினால் வழக்கத்தைவிட உயரமாக எழும்பி மெதுவாக இறங்குவார். இப்பகுதியின் இறுதி எதிரி டடாங்கா. இவன் 1989இல் வந்த முதல் சூப்பர் மாரியோ லேண்ட் ஆட்டத்தில் முதன்மை எதிரியாக இருந்த வேற்றுலகவாசி.

இங்கு ஈர்ப்பு விசையின் அளவு குறைந்ததே தவிர அதன் திசை மாறவில்லை. திரையின் அடிப்பக்கமே எப்போதும் 'கீழ்' ஆகும்.

சூப்பர் மாரியோ கேலக்சி

வீ ஆட்டக் கருவிக்காக 2007 நவம்பரில் வெளியான சூப்பர் மாரியோ கேலக்சியில் ஏறத்தாழ முழு ஆட்டமும் விண்வெளியில் நடைபெறுகிறது. இதன் இயக்குநர் யோஷியாகி கொய்சுமி. ஷிகேரு மியாமோட்டோவின் மேற்பார்வையில் நின்டெண்டோவின் டோக்கியோ உருவாக்கக் குழு இதனைச் செய்தது. மஹிடோ யோகோடாவும் கோஜி கொண்டோவும் இசையமைத்தனர். பல கட்டங்களுக்கு முழு இசைக்குழு வாசித்த இசை பயன்படுத்தப்பட்டது. இதன் ஒரு கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாகின.

உருண்டை நிலம் என்னும் எண்ணத்தின் தொடக்கம் 2000ஆம் ஆண்டில் நின்டெண்டோ தன் கண்காட்சியில் காட்டிய 'சூப்பர் மாரியோ 128' என்னும் செயல்விளக்கத்தில் உள்ளது. அதில் வட்டத் தட்டுப் போன்ற ஒரு நிலத்தின்மேல் ஏராளமான மாரியோக்கள் நடமாடினர்.

முப்பரிமாண ஆட்டங்களில் இரண்டு தொல்லைகள் உண்டு. பரந்த நிலத்தில் வழி தவறிவிடுவது ஒன்று. பார்வைக் கோணத்தை அடிக்கடி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதும், அதனால் சிலருக்குத் தலைசுற்றல் வருவதும் மற்றொன்று. நிலத்தைச் சிறிய உருண்டையாக்கினால் இரண்டுமே குறைகின்றன. உருண்டைக்கு எல்லைச் சுவர் தேவையில்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். சிறிய பரப்பில் முடிவில்லாமல் நடக்க இடம் கிடைக்கிறது.

ஈர்ப்பு செயல்படும் முறை

கேலக்சி ஆட்டத்தில் ஒவ்வொரு கோளுக்கும் தனக்கென ஓர் ஈர்ப்புப் பகுதி உண்டு. அதற்குள் வந்ததும் மாரியோவின் கால்கள் அக்கோளின் பக்கம் திரும்பிவிடும். ஒரு கோளின் ஈர்ப்புப் பகுதியைத் தாண்டி மற்றொன்றின் பகுதிக்குள் தாவினால், அவர் நடுவானிலேயே குட்டிக்கரணம் அடித்ததுபோலத் திரும்பிப் புதிய கோளில் இறங்குவார். தொலைவிலுள்ள கோள்களுக்குச் செல்ல அவரைத் தூக்கி எறியும் ஏவு விண்மீன்கள் உள்ளன. ஸ்பேஸ் ஜங்க் கேலக்சி போன்ற கட்டங்களில் அவர் எடையின்றி மிதக்கிறார். அங்கே நீல நிற விண்மீன்களைத் திரையில் சுட்டிப் பிடித்தால் அவை அவரைத் தம் பக்கம் இழுக்கும். ஈர்ப்பில்லாத விளிம்பிலிருந்து தவறி விழுந்தால் கருந்துளை அவரை விழுங்கிவிடும். அப்போது ஓர் உயிர் குறையும்.

எல்லாக் கோள்களும் உருண்டையாக இருப்பதில்லை. தட்டு, பெட்டி, குழாய் போன்ற வடிவங்களும் உண்டு. சில பகுதிகளில் சுவரில் வரைந்த அம்புக்குறி காட்டும் பக்கமே கீழ்ப்பக்கம் ஆகிறது. அங்கே மாரியோ கூரையில் நடப்பதும் இயல்பே.

இந்த முறையில் குறையும் உண்டு. மாரியோ கோளின் அடிப்பக்கத்துக்குப் போகும்போது பார்வைக் கோணம் உடன் திரும்பாவிட்டால், திரையில் அவர் தலைகீழாகத் தெரிவார். அப்போது கட்டுப்பாட்டுக் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று புதியவர்கள் தடுமாறுவர்.

பிற்கால ஆட்டங்கள்

2010இல் வெளியான கேலக்சி 2 ஆட்டத்தை கோயிச்சி ஹயாஷிடா இயக்கினார். முதல் பாகத்தைச் சற்றே மாற்றி ஓராண்டில் வெளியிடும் எண்ணத்துடன் தொடங்கிய பணி, புதிய கருத்துகள் பெருகியதால் முழு ஆட்டமாக வளர்ந்தது. இதில் வரும் துளைப்பான் கருவியால் மாரியோ கோளின் ஒரு பக்கத்தில் துளையிட்டு நேர் எதிர்ப்பக்கத்தில் வெளிவரலாம். எங்கே துளைத்தால் எங்கே வெளிவருவோம் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும் என்பதால், கோளின் வடிவமே புதிராகிவிடுகிறது.

2017இல் சுவிட்ச் கருவிக்காக வெளியான சூப்பர் மாரியோ ஒடிசியில் நிலவு ஒரு தனி இராச்சியமாக வருகிறது. வானில் பூமி தெரியும் அந்த நிலப்பரப்பில் மாரியோவின் தாவல் உயரமாகவும் நிதானமாகவும் அமைகிறது. இது லேண்ட் 2 ஆட்டத்தின் பழைய முறையை முப்பரிமாணத்தில் மீண்டும் கொண்டுவந்தது எனலாம்.

இயற்பியலுடன் ஒப்பீடு

பள்ளி மாணவர்கள் விரும்பி விளையாடும் ஆட்டங்கள் என்பதால், இவற்றில் எது அறிவியலுக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதைப் பிரித்தறிவது பயன் தரும்.

நிலவுக் கட்டங்களின் அடிப்படை சரியானது. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. பூமியில் 50 செ.மீ. உயரம் தாவும் ஒருவர் அதே வேகத்தில் நிலவில் எழும்பினால் சுமார் 3 மீட்டர் உயரம் போவார். பூமியில் அவர் ஏறத்தாழ 0.6 விநாடி வானில் இருப்பார். நிலவில் அது 4 விநாடிக்கு நெருங்கும்.

சிறு கோள்களின் நிலை வேறு. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு பாறை உருண்டையின் ஈர்ப்பு பூமியினுடையதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அங்கிருந்து விடுபட விநாடிக்கு ஒன்றரை செ.மீ. வேகம் கூடத் தேவையில்லை. மெல்லக் காலை உந்தினாலே மாரியோ திரும்பி வராமல் போய்விடுவார். 2014 நவம்பரில் 67பி வால்மீனில் இறங்கிய ஃபிலே கலம் இதற்கு உண்மைச் சான்று. ஏறத்தாழ 4 கி.மீ. நீளமுள்ள அந்த வால்மீனில் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில்தான் அது தொட்டது. பற்றிக்கொள்ளும் ஈட்டிகள் இயங்காததால் மேலே துள்ளியது. மீண்டும் தரையைத் தொட ஏறத்தாழ 2 மணி நேரம் ஆயிற்று.

அந்த 10 மீட்டர் உருண்டையிலேயே பூமியின் அளவு ஈர்ப்பு வேண்டுமென்றால், அதன் பொருளில் ஒரு கன செ.மீ. சுமார் மூன்றரை டன் நிறை கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு அடர்த்தியை வெண் குறுமீன் போன்ற விண்பொருள்களில்தான் காணலாம். அப்படிப்பட்ட உருண்டை இருந்தாலும் அதில் நிற்பவரின் பாதத்தில் முழு ஈர்ப்பும் தலையில் முக்கால் பங்கும் இருக்கும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் தடகள வீரர் அங்கே தரையை விட்டுக் கிளம்பி, துணைக்கோளைப் போலச் சுற்றத் தொடங்கிவிடுவார். கேலக்சி ஆட்டமோ, ஈர்ப்புப் பகுதிக்குள் வந்தவரை உறுதியாகத் தரைக்கு இழுத்துவிடுகிறது. விளையாடத் தகுந்ததாக இருக்க அவ்வாறு அமைப்பது தேவையும் கூட.

ஒன்றில் மட்டும் இந்த ஆட்டம் பாடநூலின் படத்தைவிடத் தெளிவாக விளக்குகிறது. பூமியின் மறுபக்கத்தில் இருப்பவர்கள் ஏன் விழுவதில்லை என்பது குழந்தைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. 'கீழே' என்பது அண்டம் முழுவதற்கும் பொதுவான ஒரு திசை என்று எண்ணுவதால் எழும் ஐயம் அது. உண்மையில் கீழே என்பது கோளின் மையத்தை நோக்கிய திசை. கோளைச் சுற்றி மாரியோவை ஒரு முறை நடக்கவிடும் குழந்தை, அவரது கால்கள் எப்போதும் மையத்தை நோக்கியே இருப்பதைக் கண்ணால் காண்கிறது. அதன்பின் ஈர்ப்பின் அளவு பற்றிய மேற்கண்ட கணக்குகளைச் செய்து காட்டினால், ஆட்டத்தின் கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதும் அதற்கு விளங்கும்.