ஊர்ச் சாப்பாடு – 9: கூழ்ப்பானைக்குள் அமெரிக்கா

கொடிகாமம் சந்தைக்குக் காலையில் போனால் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களெல்லாம் சாக்கில் பரப்பிக் கிடக்கும். ஈரமண் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கு, செத்தல் மிளகாய், தக்காளி, வெட்டிவைத்த மஞ்சள் பூசணி, பப்பாசி, கொய்யா, கச்சான். கொலம்பஸ் 1492இல் கடல் கடப்பதற்கு முன் இவற்றில் ஒன்றும் எங்கள் மண்ணில் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் வழியாக வந்த மிளகாய் ஊரோடு ஒட்டிப்போனது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்திறங்கியபோது அவர்களுடைய கண்டத்து மிளகாய் இங்கே அம்மியில் அரைபட்டுக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் அமெரிக்காவின் சொந்தச் சாப்பாடு எது? பேர்கர், ஹொட் டோக், அப்பிள் பை என்றுதான் எவரும் சொல்வார்கள். அப்பிளின் பூர்வீகம் கசகஸ்தான் மலைச்சாரல். கோதுமை மேற்காசியாவுக்குரியது. பேர்கருக்கு இறைச்சி தரும் மாடு ஐரோப்பியரின் கப்பலில் போனது. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே பாத்தியில் சேர்த்து வளர்த்த பூர்வகுடிகளின் சமையலே அந்த மண்ணில் முளைத்தது. ஆனால் உலகத்துக்குத் தெரிந்த அமெரிக்கச் சாப்பாடு, குடியேறி வந்தவர்கள் சமைத்தது. அதையும் அமெரிக்கச் சாப்பாடு இல்லை என்று தள்ள எனக்கு மனம் வராது. தள்ளினால் எங்கள் ஒடியற் கூழையும் தள்ளவேண்டி வரும்.

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவிட்டு, மேல்தண்ணீரை வடித்துக் கயர்ப்பைப் போக்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் கூழ் கெட்டது. மற்றப் பக்கம் பெரிய பானையில் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒரு பிடி அரிசியும் மரவள்ளித் துண்டும் கொதிக்கும். கச்சாய்ப் பக்கத்துக் கடலேரி இறால், நண்டு, மீன்தலை பிறகு விழும். கரைத்த மாவையும் பழப்புளியையும் விட்டு, அரைத்த செத்தல் மிளகாயைச் சேர்த்ததும் பானை சிவந்து தடிக்கும். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் வார்த்து ஊதி ஊதிக் குடிப்போம். பனையும் பலாவும் எங்களுடையவை. உறைப்பும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தவை. ஆனாலும் இதைவிட யாழ்ப்பாணத்துச் சாப்பாடு என்று சொல்ல வேறொன்று எனக்குத் தெரியாது.

கோதுமை மாவின் கதை இன்னும் கிட்டடியில் நடந்தது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பிஎல் 480 உணவு உதவிச் சட்டத்தின் கீழ் இலங்கைக்கும் மா வந்தது. பாணுக்கும் பணிசுக்கும் உதவிய அந்த மாவை எங்கள் பெண்கள் வேறு வழிக்குத் திருப்பினார்கள். துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடு ஆறமுன் கட்டி உடைத்து அரித்தெடுத்தால், அது அரிசிமாவைப் போலப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் பணியும். தேங்காய்ப்பூ கலந்து, பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் அவித்தார்கள். அந்தப் புட்டை எந்த அமெரிக்கரும் தன் நாட்டு உணவென்று அடையாளம் காணமாட்டார். சமையல் அறிவு என்று நான் மதிப்பது இதைத்தான்.

மிளகாய் வந்ததிலோ மா வந்ததிலோ எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் பனையைப் பற்றியது. கொடிகாமத்திலிருந்து ஏ9 வீதியில் கிழக்கே போனால் முகமாலை. போர்முனையாக இருந்த அந்த நிலத்தில் செல்லடியில் தலை இழந்த பனைகள் மொட்டையாய் நின்றதை வீதியால் போனவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். பதுங்குகுழிகளுக்கென்று தறிக்கப்பட்டவை வேறு. மிளகாய் நட்ட வருடமே காய்க்கும். பனை பலன்தரப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் செல்லும். இன்று மரத்துக்காகப் பனம்விதை நடுகிறவர்கள் அதைத் தங்கள் பேரப்பிள்ளைகளுக்காகவே நடுகிறார்கள். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் வளவுகளில் பாத்தி போட்டுக் கிழங்கு எடுக்க வீட்டு மனிதர்தான் வேண்டும்.

அடுத்த கிழமை, கொடிகாமத்திலிருந்து வடக்கே போகும் வீதியைப் பிடித்துப் பருத்தித்துறைக்குப் போவோம். அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய தட்டை வடையில் உழுந்தோடு சேர்வதும் இதே கோதுமை மாதான்.