பழைய காரில் பெட்ரோல் மிகுதியாகச் செலவாவது ஏன்?

பழைய கார் ஒன்று முன்னிலும் மிகுதியாகப் பெட்ரோல் குடிக்குமாயின், ஆராயாமல் உறுப்புகளை மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும். முதற்கண் அளவிடுதல் வேண்டும். தொட்டியை முழுதும் நிரப்பி, வழக்கமான வேகத்தில் 200 கிலோமீட்டர் சென்று, அதே பம்பில் மீண்டும் நிரப்புக. 25 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்பது கணக்கு.

அடுத்து, எஞ்சினுக்குப் புறம்பான காரணங்களை நோக்குக. காற்றுக் குறைந்த டயர்கள் உருளும்போது மிகுதியாக நசுங்கி, ஆற்றலை வெப்பமாக விரயம் செய்கின்றன. ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு மிகுந்திருப்பின், அதன் பிரேக் முற்றும் விடுபடவில்லை எனக் கொள்ளலாம்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் வைத்த கார்களில் எஞ்சினின் நிலையை ஸ்பார்க் பிளக் காட்டிவிடும். பெட்ரோல் முற்றும் எரிவதற்கு, எடையளவில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்றுத் தேவை. பிளக்கின் முனை இளம்பழுப்பாயின் கலவை சரியானது. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி எனலாம். அப்போது அடைபட்ட காற்று வடிகட்டி, முற்றும் திறவாத சோக், தேய்ந்த மிதவை ஊசி ஆகியவற்றை இவ்வரிசையிலேயே சோதிக்க. எண்ணெய்ப் பசை காணப்படின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக் கூடும்.

பெட்ரோல் மிகுந்த கலவையின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மிகுதி. ஆகவே மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கே ஆபத்தாகும். ஒரு தடவைக்கு ஒரு குறையை மட்டும் நீக்கி மீண்டும் அளந்தால், உண்மைக் காரணம் ஐயமின்றி விளங்கும்.