கடைமடைக்கு எட்டும் வலை

வயலுக்கு நீர் கொண்டுபோகும் சிறு கன்னி வாய்க்கால் எட்டாத இடங்களில் தஞ்சைப் பக்கம் வயலுக்கு வயல்தான் தண்ணீர் பாயும். மேல்வயல்காரர் மடையை அடைத்தால் கீழ்வயல் காய வேண்டியதுதான். பல கல்லூரிகளில் கணினி வலையமைப்பும் இப்படித்தான் வளர்கிறது. அலுவலகத்தில் ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து நூலகத்துக்கு ஒன்று, அங்கிருந்து ஆய்வகத்துக்கு இன்னொன்று. நூலகத்தில் யாரோ செல்போன் சார்ஜ் போட ப்ளக்கைப் பிடுங்கினால் ஆய்வகம் வறண்டுவிடும்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, 1934இல் திறந்த கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது. பிறகு வாய்க்கால், கன்னி வாய்க்கால், வயல் மடை. வளாக வலையமைப்பையும் இப்படி மூன்று அடுக்காகக் கட்டலாம். மைய அடுக்குக்கு வேகமாகக் கடத்துவதே வேலை. பகிர்வு அடுக்கு மதகு மாதிரி: விடுதித் தரவு தேர்வுப் பிரிவுக்குள் நுழையலாமா என்பதை அதுவே முடிவு செய்யும். அணுகு அடுக்கில்தான் கணினிகளும் வைஃபை பெட்டிகளும் சேர்கின்றன. இங்கே 1 கிகாபிட் துளைகள் 48 இருந்தாலும் மேலே போகும் இணைப்பு 10 கிகாபிட் இருந்தால் பெரும்பாலும் போதும். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பதில்லை. முறைப்பாசனம் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக வளாகம் சுமார் 1000 ஏக்கர். சதுரமாக நினைத்தால் பக்கத்துக்கு 2 கிலோமீட்டர். வழக்கமான செம்புக் கேபிளுக்கோ எல்லை 100 மீட்டர். எனவே இந்த அளவு வளாகத்தில் கட்டடங்களுக்கு இடையே கண்ணாடி இழைதான் சரி. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஐப்பசி இடிமின்னலில் ஒரு கட்டடத்தில் அடித்தது கேபிள் வழியே அடுத்ததற்குத் தாவாது.

ஆற்று உவமை ஓரிடத்தில் உதவாது. ஆறு பள்ளத்தை நோக்கி ஓடும், திரும்பி வராது. தரவோ இரு பக்கமும் ஓடும். ஒரு வழி அறுந்தால் மறுவழி வேண்டுமென்று ஸ்விட்சுகளை வளையமாக இணைத்தால், எல்லோருக்குமான ஓர் அறிவிப்பு அந்த வளையத்திலேயே சுற்றிச் சுற்றிப் பெருகி வலையை முடக்கிவிடும். 1985இல் ரேடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார்: ஸ்விட்சுகளே தங்களுக்குள் பேசி ஒரு வழியை அடைத்து வைக்கும்; மற்றது அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். பழைய முறையில் இதற்கு அரை நிமிடத்துக்கு மேலும் ஆகும். பின்னால் வந்த வேக வடிவத்துக்குச் சில நொடிகளே போதும்.

ஒன்று மட்டும் அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. செலவு மிச்சமென்று இரண்டு இழைகளையும் ஒரே பள்ளத்தில் புதைத்திருந்தால், குடிநீர்க் குழாய்க்குத் தோண்ட வரும் ஜேசிபி இரண்டையும் சேர்த்தே வாரிவிடும்.