கூடியது மெமரி, நின்றது திரை

மெமரி மாற்றிய பின் லேப்டாப் ‘ஹேங்’ ஆனால் உடனே பார்மேட் செய்யக் கிளம்ப வேண்டாம். முதலில் காப்பாற்ற வேண்டியது கோப்புகளை.

தில்லி நேரு பிளேஸில் ஒரு லேப்டாப்புக்கு மெமரி கூட்டப் பத்து நிமிடம் போதும். கருவியைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, விரல் நீளமுள்ள ஒரு பச்சைத் தகட்டைச் செருகி மூடிவிடுவார்கள். 8 ஜிபி 16 ஜிபி ஆகிவிடும். என் லேப்டாப்புக்கும் அப்படித்தான் நடந்தது. அன்றிரவு, ஒரு மொழிபெயர்ப்பின் நடுவே, பாதி வாக்கியத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. மௌஸ் அசையவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் பலனில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் உயிர் வந்தது. முக்கால் மணி நேரத்தில் மீண்டும் அதே கதை.

மறுநாள் கடையில் கிடைத்த வைத்தியம் ஒரே வார்த்தை: பார்மேட். வைரஸாக இருக்கலாம், விண்டோஸ் கெட்டிருக்கலாம் என்றார்கள். ஆனால் முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய கருவியில் புதிதாக நுழைந்தது ஒன்றுதான். சந்தேகம் அதன் மேல்தானே முதலில் விழவேண்டும்?

மெமரி, அதாவது ரேம், கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகளின் கூட்டம். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்புதான் இன்றும் இதன் அடிப்படை. மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஊட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், நொடிக்குப் பலமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இவற்றில் ஒன்று பழுதானாலும் 0 இருக்கவேண்டிய இடத்தில் 1 வந்து உட்காரலாம். அந்த இடத்தில் விண்டோஸின் கட்டளை இருந்தால் திரை நின்றுவிடும். இது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு.

தெரியாத கோளாறுதான் ஆபத்தானது. அந்த இடத்தில் உங்கள் கட்டுரையோ கணக்கோ புகைப்படமோ இருந்தால் எதுவும் நிற்காது. சேமிக்கும்போது பிழையும் சேர்ந்தே வட்டில் பதிவாகிவிடும். எனக்கு ஓர் அத்தியாயம் திறக்கவே மறுத்தது. மெமரி மாற்றுவதற்கு முந்தின வாரம் பென் டிரைவில் எடுத்து வைத்த பிரதிதான் கைகொடுத்தது. எனவே ஹேங் ஆகத் தொடங்கியதுமே வேலையை நிறுத்துங்கள். பழைய பிரதியின் மேல் புதியதைப் பதிந்துவிடாதீர்கள்.

கோளாறுக்குக் காரணங்கள் பல. ரேம் ஸ்லாட்டில் சரியாக உட்காராதது மிகச் சாதாரணமான ஒன்று. அடுத்தது வகைப் பொருத்தம். டிடிஆர்4 தகட்டுக்கு 260 பின்கள், டிடிஆர்5க்கு 262. வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதில் நுழையாது. ஆனால் பழைய லேப்டாப்களில் வரும் டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டுக்கும் 204 பின்கள்தான். வெட்டும் ஒரே இடத்தில்தான். முன்னதற்கு 1.5 வோல்ட் வேண்டும். 1.35 வோல்ட் மட்டுமே தரும் லேப்டாப்பில் அதைச் செருகினால் கச்சிதமாக நுழையும், ஒழுங்காக ஓடாது. வேகம் வேறுபட்ட இரண்டு ரேம்களைச் சேர்த்தால், குறைந்த வேகத்திலேயே இரண்டும் ஓடும். பெரும்பாலும் ஒத்துப்போகும், சில ஜோடிகள் ஒத்துப்போவதில்லை. பயாஸ் பழையதாக இருந்தாலும் தகராறு வரலாம். கடைசியாக, ரேமே பழுதாக இருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்கப் பொறுமைதான் தேவை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்து, பேட்டரி இணைப்பையும் துண்டியுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்க ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள். புதிய ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதோடு மட்டும் இரண்டு நாள் ஓட்டுங்கள். ஹேங் நின்றால் விண்டோஸ் நிரபராதி. பிறகு பழையது இருந்த அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால், அடுத்த ஸ்லாட்டையும் ஜோடிப் பொருத்தத்தையும் சந்தேகிக்கலாம். ஒரு ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மெல்லிய லேப்டாப்களில் இந்த இடமாற்றம் முடியாது.

சோதிக்க மென்பொருளும் உண்டு. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அதைவிடக் கறாரானது மெம்டெஸ்ட்86. இலவசமாகக் கிடைக்கும் இதைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் துவக்கி, இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக்கூடாது.

என் புதிய ரேம் தனியாக ஓடியபோது இருபது நிமிடத்துக்குள் திரையில் பிழைகள் வரிசைகட்டின. அதைப் படமெடுத்துக்கொண்டு பில்லோடு கடைக்குப் போனேன். இந்த முறை பார்மேட் பேச்சே எழவில்லை. வேறு ரேம் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதையும் ஓர் இரவு சோதித்தேன். பிழை இல்லை.

செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவையால் 2025இன் பிற்பகுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. விலை ஏறும் காலத்தில், பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய மலிவு ரேம் ஆசை காட்டும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பில் கேட்டு வாங்குங்கள். கோப்புகளுக்குப் பிரதி எடுத்துவிட்டுச் செருகுங்கள். முதல் இரவைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். வேலையை மறுநாள் தொடங்கலாம்.