வருமுன் காக்கும் வணிகம்

கல்வராயன் மலையில் அமைந்த கரியாலூருக்குப் படகுத்துறையையும் அருவிகளையும் காணப் பலர் வருகின்றனர். அவர்களை நம்பிச் சிறு கடைகள் நடைபெறுகின்றன. விற்கும் சரக்குகளுள் பல, அடிவாரத்திலிருந்து மலைச்சாலை வழியே வருகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் இத்தகைய கடைகளுக்கு வாங்குவோரும் வாரார், சரக்கும் வாராது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மளிகை, மருந்துக் கடைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தேநீர்க் கடைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் சென்னைக் கோயம்பேடு சந்தையும் தொற்றினால் அடைக்கப்பட்டது. ஒரே பொருளையோ ஒரே சந்தையையோ நம்பிய வணிகம் எளிதில் முடங்கும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின.

ஆகவே, தேநீர்க் கடை நடத்துவோர் உள்ளூர் மக்களுக்கு வேண்டிய மளிகைப் பொருள்களையும் சிறிதளவு விற்றுப் பழகலாம். மலையில் விளையும் சாமை, மரவள்ளி போன்றவற்றை அங்கேயே கொள்முதல் செய்யலாம். சில மாத வாடகைக்குரிய தொகையைத் தனியே சேமித்தல் வேண்டும். கடன் கணக்கை ஏட்டில் எழுதி வைத்தால், உரிமையாளர் நோயுற்றாலும் வீட்டார் கடையை நடத்த இயலும். கூலியை இழக்க அஞ்சி நோயுடன் பணிக்கு வரும் ஊழியரால் தொற்று பரவும். அவருக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிப்பது அனைவரையும் காக்கும்.

மலையூரில் ஒரு கடை மூடப்பட்டால் மக்கள் உப்புக்கும் நெடுந்தொலைவு செல்ல நேரும். சிறுவணிகரின் முன்னேற்பாடு ஊருக்கே அரணாகும்.