ஒரு செயலி, பல சேவைகள்

கூடுவாஞ்சேரியில் 9ஆம் வகுப்பு மாணவி ஒருவர், அறிவியல் பாடநூலிலுள்ள க்யூஆர் குறியீட்டைத் தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நொடிகளில் காணொலி திறக்கிறது. அவர் பார்ப்பது ஒரே செயலியை. ஆனால் அதன் பின்னால் பல சிறு மென்பொருள்கள் தனித்தனியே வேலை செய்கின்றன. இந்த அமைப்புமுறையை நுண்சேவைக் கட்டமைப்பு அல்லது மைக்ரோசர்வீஸ் என்பர். செயலி தடுமாறும்போது எந்தப் பகுதி நின்றிருக்கிறது என்று ஊகித்து, பாடத்தைத் தடையின்றித் தொடர இதன் அடிப்படை அறிவு நமக்கு உதவும்.

தீக்‌ஷாவின் உள்ளே

தீக்‌ஷா தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. 2018-19 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் க்யூஆர் குறியீடுகளுடன் வெளிவந்தன. எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய ‘சன்பேர்டு’ என்னும் திறந்தமூல மென்பொருளே தீக்‌ஷாவின் அடித்தளம்.

சன்பேர்டில் பயனர் உள்நுழைவு, பாடப்பொருள், தேடல், பயன்பாட்டுப் பதிவு ஆகியவை தனித்தனிப் பணிகள். உள்நுழைவைக் ‘கீகிளோக்’ கவனிக்கிறது. தேடலுக்கு ‘எலாஸ்டிக்சர்ச்’ உதவுகிறது. சேவைகளுக்கிடையே செய்திகளை ‘காஃப்கா’ கொண்டு செல்கிறது. இவற்றில் ஒன்றைத் திருத்த வேண்டுமானால் மற்றவற்றைக் கலைக்க வேண்டியதில்லை.

ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கவுண்டர் மூடியிருந்தாலும் தாம்பரம் – செங்கல்பட்டு மின்ரயில் ஓடும். ஆனால் சிக்னல் பழுதானால் எல்லா வண்டிகளும் காத்திருக்கும். செயலியிலும் இப்படித்தான். சில சேவைகள் நின்றால் ஒரு வசதி மட்டும் கிடைக்காது. எல்லோரும் கடந்து செல்ல வேண்டிய நுழைவுவாயில் சேவை நின்றால் முழுச் செயலியும் நிற்கும்.

பிரித்தால் மட்டும் போதுமா?

இங்கே ஒரு கணக்கைக் கவனிப்போம். ஒரு சேவை 99 சதவீத நேரம் சரியாக இயங்குகிறது எனில், அது ஒரு நாளில் சராசரியாக 14 நிமிடம் நிற்கும். ஒரு வேலையை முடிக்க இத்தகைய 5 சேவைகளும் ஒரே நேரத்தில் தேவை என்றால், 0.99ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.951. அதாவது, ஒவ்வொன்றும் தனித்தனியே பழுதாகும் எனக் கொண்டால், ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்த வேலை நடக்காது. பிரித்ததால் நன்மைக்குப் பதில் தீமையே விளைந்தது. 11, 12ஆம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் இதை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

ஆகவே, ஒரு சேவை மற்றொன்றுக்காகக் காத்திருக்கும் தேவையைக் குறைப்பதே நல்ல வடிவமைப்பு. தீக்‌ஷாவில் உள்நுழையாமலேயே விருந்தினராகப் பாடங்களைப் பார்க்கலாம். தரவிறக்கிய பாடம் இணையம் இல்லாதபோதும் திறக்கும். பயன்பாட்டுப் பதிவுகளைச் செயலி சேர்த்து வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் அனுப்பும். ஒரு பகுதி தடுமாறினாலும் கற்றல் நிற்காமலிருக்க இவையே காரணம்.

ஆய்வகத்தில் செய்து பார்ப்போம்

12ஆம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான், செயற்கூறு, தரவுத்தளம் ஆகியவற்றை மாணவர்கள் படிக்கிறார்கள். அந்த அறிவைக் கொண்டு பள்ளி நூலகத்துக்கு ஒரு சிறு செயலி அமைக்கலாம்.

1. பணிகளைப் பட்டியலிடுங்கள்: நூல் பட்டியல், உறுப்பினர், நூல் வழங்கல்.

2. ஒவ்வொரு பணியையும் தனி நிரலாக எழுதி, அதற்கெனத் தனித் தரவுத்தளம் கொடுங்கள். ஒரு சேவை மற்றொன்றின் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடக்கூடாது. தேவையானதைக் கேட்டே பெற வேண்டும்.

3. கேட்கும் முறையை முதலிலேயே எழுதி வையுங்கள். உறுப்பினர் எண்ணை அனுப்பினால் பெயரும் வகுப்பும் கிடைக்கும் என்பது போன்ற இந்த உடன்பாடுதான் ஏபிஐ.

4. மூன்று சேவைகளையும் ஆய்வக வலையமைப்பிலுள்ள மூன்று கணினிகளில் இயக்குங்கள். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு சேவையையும் ‘டாக்கர்’ என்னும் கருவியால் பெட்டகத்தில் அடைத்து, ‘குபர்நெட்டிஸ்’ கொண்டு நிர்வகிப்பர்.

5. உறுப்பினர் சேவையை வேண்டுமென்றே நிறுத்துங்கள். நூல் பட்டியல் இன்னும் தெரிகிறதா? நூல் வழங்கும் பகுதி தெளிவான செய்தி தருகிறதா, அல்லது சுழன்றுகொண்டே இருக்கிறதா?

ஐந்தாம் படியே இச்செயல்பாட்டின் உயிர். பதில் வராவிட்டால் எத்தனை நொடி காத்திருப்பது, பிறகு என்ன சொல்வது என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு சேவையும் நேரத்துடன் நாட்குறிப்பு எழுதட்டும். பழுதைத் தேடும்போது அந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், எங்கே தடைபட்டது என்று தெரிந்துவிடும்.

ஒரு சிறு பள்ளி நூலகத்துக்கு உண்மையில் ஒரே நிரல் போதும். பயனர்களும் அதைப் பராமரிக்கும் குழுக்களும் பெருகும்போதுதான் பிரிப்பது பயன் தரும். இதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

வகுப்பில் செயலி நின்றால்

முதலில் இணைய இணைப்பைச் சோதியுங்கள். அடுத்து, உள்நுழையாமல் பாடம் திறக்கிறதா, தேடல் வேலை செய்கிறதா, தரவிறக்கிய காணொலி ஓடுகிறதா என்று பாருங்கள். மறுநாள் பாடத்துக்கான காணொலியை முந்தைய நாளே தரவிறக்கி வைப்பது நலம். புகார் அளிக்கும்போது ‘செயலி வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், ‘காலை 9.40க்கு உள்நுழைய முடியவில்லை; தேடல் வேலை செய்தது’ என்று எழுதுங்கள். பழுதைச் சரிசெய்பவர் எந்தச் சேவையைப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.